சம்ஒன்னா, எனிஒன்னா? தமிழில் சொல்லிப் பாருங்கள்
ஆங்கிலத்தில் சொல்லும் முன், அதே வாக்கியத்தைத் தமிழில் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். 'யாரோ' வந்தால் சம்ஒன். 'யார் வேணும்னாலும்' வந்தால் எனிஒன். 'யாரும்' என்று தொடங்கி 'இல்லை' என்று முடிந்தால் நோ ஒன். மாட்டுத்தாவணியில் 'யாரோ பையை விட்டுட்டுப் போயிட்டாங்க' என்றால் 'சம்ஒன் லெஃப்ட் எ பேக்'. ஆள் ஒருவர் உண்டு, யாரென்றுதான் தெரியாது. அந்த 'ஓ' காட்டுவதும் அதைத்தான்.

அதிகம் சறுக்குவது மூன்றாவதில். 'யாரும் வரலை' என்பதை 'எனிஒன் டிடின்ட் கம்' என்று சொல்லிவிடுகிறோம். அது தப்பு, 'நோ ஒன் கேம்' என்பதே சரி. மறுப்பு வாக்கியத்தில், மறுப்புச் சொல் முதலில் வந்த பிறகுதான் எனிஒன் வரலாம். 'ஐ டிடின்ட் சீ எனிஒன்' சரியாக இருப்பது அதனால்தான்: 'டிடின்ட்' முந்திவிட்டது.

'யாராவது', 'ஏதாவது' இரண்டுக்கும் இந்த வழி போதாது. 'யாராவது வாங்க' என்றால் சம்ஒன், 'யாராவது இருக்கீங்களா?' என்றால் பெரும்பாலும் எனிஒன். ஆனால் விருந்தாளியை ஜிகர்தண்டா கடைக்குக் கூட்டிப்போய் 'ஏதாவது குடிக்கிறீங்களா?' என்று உபசரிக்கும்போது, கேள்வியானாலும் 'வுட் யூ லைக் சம்திங் டு ட்ரிங்க்?' என்பதே இயல்பு. சம்ஒன்னா சம்படியா என்று மட்டும் குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் பொருள் ஒன்றே.