இரண்டு கிலோ இறங்கிய கதை: மலைக்கு எடுத்துப் போகும் ரைபிளை இலகுவாக்குவது எப்படி

கொலராடோவின் தென்மேற்கில் சான் ஹுவான் மலைகள். அங்கே வெமினூச் என்று ஒரு பாதுகாக்கப்பட்ட காடு. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மாதிரிக் காடுகளுக்குள் மோட்டார் வண்டி போகக் கூடாது. குதிரையில் போகலாம், இல்லையென்றால் நடக்கலாம். எனக்கும் குதிரைக்கும் ஒத்துவராது. முதல் வருடம் எல்க் மான் வேட்டைக்குப் போனபோது, 11,000 அடி உயரத்தில், ஐம்பது எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். ரைபிள் வலது தோளிலிருந்து இடது தோளுக்குப் போனது, அங்கிருந்து கைக்கு வந்தது, மறுபடி தோளுக்கு ஏறியது. கூட வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். ஒரு பாறைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அதை இப்படிக் கொடு" என்று கையில் வாங்கிப் பார்த்தார். "இது ரைபிளா, வேலிக்கு நடுகிற கம்பமா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேக் மாவு அளக்கும் தராசில் ரைபிளை வைத்தேன். 5 கிலோவுக்கு மேல் தாங்காது என்று தராசு பிழை காட்டியது. அதனால்தான் ஒவ்வொன்றாகக் கழற்றி எடை போட்டேன். இப்போது யோசித்தால், நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.

நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். முதலில் தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட்டை வெளியே உருவி, குழலில் தோட்டா உட்காரும் குழிக்குள் விரலை விட்டுக் காலிதானா என்று பாருங்கள். தோட்டாவை வீட்டில் வேறொரு அறையில் வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு உறுப்பையும் கிராமில் எழுதுங்கள். கடைக்காரர் சொல்லும் எடை, விளம்பரத்தில் போட்ட எடை எதையும் நம்ப வேண்டாம். விளம்பர எடையில் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இருக்காது, தோளில் மாட்டும் வாரும் இருக்காது, தோட்டாவும் இருக்காது. மலையில் தோள்மேல் இவை அத்தனையும் இருக்கும்.

என்னுடையது பழையதாக வாங்கிய ரெமிங்டன் 700, .30-06 தோட்டா, 24 அங்குலக் குழல். அன்று எழுதிய கணக்கு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. குழல், ரிசீவர் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுப்பகுதி), போல்ட், அடித்தகடு எல்லாம் சேர்ந்து இரும்புப் பாகம் 2,300 கிராம். இவற்றைத் தாங்கித் தோளில் ஊன்றும் ஒட்டுப்பலகைக் கட்டை 1,280. ஸ்கோப் 880. அதைத் தாங்கும் எஃகுத் தண்டும் வளையங்களும் 230. முன்னால் மடக்கும் இருகால் 350. தோல் வார் 170. கட்டையின் பின்பக்கம் மாட்டிய தோட்டாப் பை, அதில் ஒன்பது தோட்டாவோடு, 310. ரைபிளுக்குள் நாலு தோட்டா 108. மொத்தம் 5,628 கிராம், அதாவது 12 பவுண்டுக்கு மேல்.

அதில் இரும்புப் பாகம் பாதிக்கும் குறைவுதான். மிச்சமெல்லாம் கழற்றி மாற்றக்கூடியது. இதைப் பார்ப்பதற்கு முன்னால் நான் செய்ய நினைத்த முதல் காரியம் குழலை வெட்டுவது. எல்லோருக்கும் அதுதான் தோன்றும், ஏனென்றால் குழல்தான் கண்ணுக்குக் கனமாகத் தெரிகிறது.

குழல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் குழலின் வாய்ப்பக்கம் சுமார் 0.6 அங்குல விட்டம். எஃகின் அடர்த்தியை வைத்துப் போட்டுப் பார்த்தால், அந்த இடத்தில் ஓர் அங்குலம் வெட்டினால் குறைவது 27 கிராம். ஒரு தோட்டாவின் எடை. 24 அங்குலத்தை 22 ஆக்கினால் 54 கிராம். வெட்டி, வாயை மறுபடி கடைந்து கொடுக்கப் பட்டறையில் 150 டாலர் கேட்டார்கள். கூடவே குண்டின் வேகத்தில் அங்குலத்துக்கு ஏறக்குறைய விநாடிக்கு 25 அடியும் போகும். ஒரு கிராமுக்கு மூன்று டாலர் கொடுத்து வேகத்தையும் இழப்பானேன் என்று விட்டுவிட்டேன். இலக்குச் சுடுதலுக்கான தடித்த குழல் என்றால் கதை வேறு. 0.9 அங்குல விட்டத்தில் ஓர் அங்குலம் 70 கிராமுக்கு மேல் வரும், அங்கே வெட்டுவதில் அர்த்தம் உண்டு. எப்படியானாலும் அமெரிக்காவில் ரைபிள் குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குழலில் நெடுக்கப் பள்ளம் கடைவது பற்றியும் கேட்பார்கள். எடை குறையும், பார்க்கவும் அழகு. ஆனால் பள்ளம் போட்டதால் அதே குழல் விறைப்பாகிவிடாது. இருந்ததைவிடக் கொஞ்சம் தளரத்தான் செய்யும். அதே எடையுள்ள மெல்லிய குழலோடு ஒப்பிட்டால்தான் அது விறைப்பு. கார்பன் நார் சுற்றிய குழலுக்கும் இதே குழப்பம். தடித்த எஃகுக் குழலைவிட அது இலகு, மெல்லிய வேட்டைக் குழலைவிட இலகு அல்ல. ஏற்கெனவே மெல்லிய குழல் வைத்திருப்பவர் ஆயிரம் டாலர் கொடுத்துக் கார்பன் குழல் மாட்டி எடையைக் கூட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கே குறைப்பது? காசில்லாமல் போவதை முதலில் கழற்றுங்கள். இருகாலைக் கழற்றினேன், 350 கிராம். மலையில் சுடும்போது நான் முதுகுப்பையைத் தரையில் போட்டு அதன்மேல்தான் ரைபிளை வைக்கிறேன். நடைக் கம்பு இரண்டைக் குறுக்காகப் பிடித்தால் உட்கார்ந்தும் சுடலாம். தோட்டாப் பையையும் கழற்றினேன், 310. நியாயமாகச் சொன்னால் அதில் ஐந்து தோட்டா என் சட்டைப்பைக்குப் போனது, எடை மாயமாகிவிடவில்லை. ஆனால் உடம்போடு ஒட்டி இருக்கும் எடையும் கையில் நீட்டிப் பிடிக்கும் எடையும் ஒன்றல்ல. மீதி நாலு தோட்டாவை வீட்டிலேயே விட்டேன். ஒன்பது தோட்டா எதற்கு என்று பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தோல் வாருக்குப் பதில் நைலான் வார், 100 கிராம் மிச்சம், இருபது டாலர்.

அடுத்தது ஸ்கோப். எடைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. என்னிடம் இருந்தது 5-25×56, அதாவது 5 முதல் 25 மடங்கு பெருக்கம், 56 மி.மீ. முன்கண்ணாடி. ஆயிரம் கஜத்தில் இரும்புத் தகடு சுடுபவர்களுக்கு அது சரி. எல்க்கை நான் 300 கஜத்துக்கு அப்பால் சுடுவதில்லை, அதற்கு 8 மடங்கு பெருக்கம் தாராளம். "பெரிய கண்ணாடி இருந்தால் மங்கலில் நன்றாகத் தெரியுமே" என்பார்கள். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 36 மில்லிமீட்டர் கண்ணாடியை 6 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 6 மி.மீ. ஐம்பது வயதைத் தாண்டிய என் கண்மணி இருட்டில் அவ்வளவுகூட விரியாது. 56 கண்ணாடியை 25 மடங்கில் வைத்தால் ஒளிவட்டம் 2.2தான். ஆக, மங்கல் நேரத்தில் பெருக்கத்தைக் குறைக்கத் தெரிந்தால் போதும், குடம் அளவு கண்ணாடி வேண்டாம். லூபோல்டின் 2.5-8×36 ஒன்று வாங்கினேன், தராசில் 325 கிராம். பழைய ஸ்கோப்பை விற்ற பணத்திலேயே அது வந்துவிட்டது, கையில் கொஞ்சம் மீதியும் இருந்தது. 555 கிராம் குறைந்து, காசும் கிடைத்த இடம் இது ஒன்றுதான்.

சின்ன முன்கண்ணாடிக்கு இன்னொரு லாபம். ஸ்கோப் குழலுக்கு நெருக்கமாக உட்காரும், கன்னம் கட்டையில் ஒழுங்காகப் பதியும். அடித்தண்டும் வளையமும் ஒரே துண்டாக வரும் டேலி அலுமினிய மவுண்ட் போட்டேன். 230 கிராம் இருந்த இடத்தில் 90. ஆனால் அலுமினியத்தில் கைப்பலத்தைக் காட்டக் கூடாது. முறுக்கு அளக்கும் திருப்புளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் வரும் தாளில் எத்தனை இஞ்ச்-பவுண்ட் என்று போட்டிருக்கும், அதோடு நிறுத்துங்கள். இன்னும் கால் திருகு திருகினால் ஸ்கோப்பின் உடம்பு நசுங்கும்.

இனிக் கட்டை. மரமே இல்லாவிட்டாலும் நான் கட்டை என்றுதான் சொல்கிறேன். இங்கேதான் நான் சூடுபட்டேன். முதலில் சிக்கனம் பார்த்து, உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டை ஒன்று வாங்கினேன், 120 டாலர். எடை 930 கிராம், பரவாயில்லை என்று மகிழ்ந்தேன். மேஜைமேல் மணல்மூட்டையில் வைத்துச் சுட்டால் நூறு கஜத்தில் அழகாக விழுந்தது. மலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு முதுகுப்பைமேல் வைத்து, வாரைக் கையில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தேன். நாலு அங்குலம் தள்ளி விழுந்தது. ஸ்கோப் கெட்டுவிட்டதோ என்று ஒரு டப்பா தோட்டாவை வீணடித்தேன். கடைசியில் பார்த்தால், கட்டையின் முன்பகுதி ரப்பர் மாதிரி வளைந்து குழலை இடித்துக்கொண்டிருந்தது. மேஜைமேல் அது வளையவில்லை, அதனால் தெரியவில்லை.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் செருகி ரிசீவர்வரை இழுங்கள், தடங்கலில்லாமல் போக வேண்டும். இப்போது கட்டையின் முனையையும் குழலையும் ஒரே கையால் பிடித்து அழுத்துங்கள். நோட்டு சிக்கிக்கொண்டால் அந்தக் கட்டையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் 650 டாலர் கொடுத்துக் கார்பனும் கெவ்லரும் சேர்த்துச் செய்த கட்டை வாங்கினேன், 700 கிராம். பழையதைவிட 580 கிராம் குறைவு, கிராமுக்கு ஒரு டாலரைக் கொஞ்சம் தாண்டுகிறது. என் மொத்தச் செலவில் வலித்தது இது ஒன்றுதான், வருத்தமில்லாததும் இதுதான். இந்த வழியைப் பெரிய அளவில் காட்டியவர் மேற்கு வர்ஜீனியாவின் கிரான்வில் ஊரில் அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் நடத்திய மெல்வின் ஃபோர்ப்ஸ். 1980களில் அவர் கெவ்லரும் கிராஃபைட்டும் வைத்து ஒரு பவுண்டு அளவில் கட்டை செய்து, தோட்டாவின் நீளத்துக்கு ஏற்ற அளவில் ரிசீவரையும் வடிவமைத்து, 5 பவுண்டுக்குப் பக்கத்தில் ரைபிளைக் கொண்டுவந்தார். அவருடைய குழல்கள் ஈர்க்குச்சி மாதிரி இருக்காது. எடையைக் கட்டையிலும் ரிசீவரிலும் எடுத்துவிட்டதால் குழலைச் சுரண்ட வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

சின்னச் சின்ன உறுப்புகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அடித்தகட்டில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு, அலுமினியத்துக்கு மாற்றுவதில் பலன் உண்டு. என்னுடையதில் ஒட்டவில்லை, அதனால் தொடவில்லை. போல்ட்டில் பள்ளம் கடைந்தால் ஓரிரு அவுன்ஸ். காசு மிதமிஞ்சி இருந்தால் செய்யலாம். டைட்டானியத் திருகு விளையாட்டு. தோளில் படும் ரப்பர் பட்டையை மட்டும் மெல்லியதாக மாற்றாதீர்கள். ட்ரிக்கர் விசையை எடைக்காக நோண்டவே வேண்டாம்.

ரப்பரைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், எடை குறைந்த அளவுக்குச் சுடும்போது தோளில் விழும் உதை கூடும். அதே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் ரைபிளின் எடைக்கு எதிர் விகிதம். 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு போட்ட .30-06க்குக் கணக்குப் போட்டால், என் 12 பவுண்டு கம்பத்தில் ஏறக்குறைய 13 அடி-பவுண்ட். இப்போது 20. ரைபிளை 6 பவுண்டுக்கு இறக்கினால் 26க்கு மேல். 20க்கு மேலே போனால் நான் விசையை இழுக்கும்முன் கண்ணை மூட ஆரம்பித்துவிடுகிறேன், அது எனக்கே தெரியும். 150 கிரெய்ன் குண்டுக்கு மாறியதில் 17, 18க்கு வந்தது. இன்னும் இலகுவான ரைபிள்தான் வேண்டும் என்பவர்கள் 6.5 கிரீட்மோர், 7 மி.மீ.-08 போன்ற சின்னத் தோட்டாவுக்குப் போவது நல்லது. குழல் முனையில் உதைதடுப்பான் மாட்டலாம்தான், ஆனால் அது எடையையும் கூட்டும், காதையும் கிழிக்கும்.

உதை மட்டுமல்ல, நடுக்கமும் இருக்கிறது. ஏறி வந்த மூச்சிரைப்போடு 5 பவுண்டு ரைபிளை நிறுத்திப் பிடிப்பது கஷ்டம். நாடித்துடிப்பு ஒவ்வொன்றும் ஸ்கோப்புக்குள் இருக்கும் குறிக்கம்பியில் தெரியும். பெரியவரின் ரைபிளை வாங்கிப் பிடித்துப் பார்த்தபோதுதான் இது புரிந்தது. அவருடையது எல்லாம் சேர்ந்து 8 பவுண்டு. அதற்குக் கீழே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவராம். பின்பக்கக் கட்டையில் எடை குறைந்தால் ரைபிள் கொஞ்சம் முன்பாரமாகும். நின்று சுடும்போது அது நல்லதுதான். ரிசீவரைக் கட்டையோடு பிடிக்கும் முன் திருகுக்குப் பக்கத்தில் ஒரு விரலில் ரைபிள் சமநிலையாக நின்றால் கையில் சுகமாக இருக்கும்.

என் கடைசிக் கணக்கு: இரும்பு 2,300, கட்டை 700, ஸ்கோப் 325, மவுண்ட் 90, வார் 70, நாலு தோட்டா 108. மொத்தம் 3,593 கிராம், 8 பவுண்டுக்கு ஒரு நூல் குறைவு. போனது 2,035 கிராம். இரும்பில் ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை.

கையில் ரைபிளே இல்லாமல் புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஃபின்லாந்தின் டிக்கா T3x லைட் கடையிலேயே 2.9 கிலோவில் கிடைக்கிறது. அதில் சின்ன ஸ்கோப் ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

எந்த உறுப்பை மாற்றினாலும் மறுபடி குறி சரிபார்க்க வேண்டும். கட்டையை ஒருமுறை கழற்றி மாட்டினாலே குறி நகரும். நூறு கஜத்தில் மூன்று குண்டு சுட்டு, குழல் ஆறும்வரை காத்திருங்கள். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகிக் குறியை நகர்த்தும். நான் நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே வைக்கிறேன், 200க்குப் பக்கத்தில் சரியாக விழும். அது முடிந்ததும் மேஜையை விட்டு எழுந்து, முதுகுப்பையைத் தரையில் போட்டு, வாரை இறுக்கி, மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி இன்னும் மூன்று சுடுங்கள். இந்த இரண்டாவது மூன்றும் முதல் மூன்றோடு சேர்ந்து விழுந்தால்தான் மூட்டை கட்டலாம்.