துபாய்க்குத் திரும்பும் முன்: பழைய கேஸ் இருக்கிறதா என்று சேலத்திலிருந்தே பார்ப்பது எப்படி

துபாயிலோ அபுதாபியிலோ சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு என்று ஊருக்கு வந்துவிட்டவர்கள் மறுபடி கிளம்பும்போது பெரும்பாலும் ஏமாறுவது ஒரு இடத்தில்தான். விசா வந்துவிட்டது, அதனால் நம் மேல் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். விசா கொடுப்பது ஒரு துறை, வழக்கு கிடப்பது வேறு துறை. பேங்க் கேஸ் அப்படியே இருக்கும்போதே விசா வந்துவிடலாம். பிடிபடுவது அங்கே ஏர்போர்ட்டில் இறங்கிய பிறகு.

முதலில் பழைய பாஸ்போர்ட்டையும் எமிரேட்ஸ் ஐடி நகலையும் தேடி எடுங்கள். ஐடி எண் 784 என்று தொடங்கும், மொத்தம் 15 இலக்கம். 784-க்கு அடுத்த நான்கும் உங்கள் பிறந்த வருஷம். விசா பக்கத்தில் ஃபைல் நம்பர், யுஐடி நம்பர் (அங்குள்ள குடியேற்றத்துறை ஆளுக்குக் கொடுக்கும் அடையாள எண்) என்று இரண்டு இருக்கும். ஃபைல் நம்பர் 201-ல் தொடங்கினால் துபாய் விசா, 101 அபுதாபி, 301 ஷார்ஜா. துபாய் விசாவுக்கு துபாய் குடியேற்றத்துறையான ஜிடிஆர்எஃப்ஏ-விடம் கேட்க வேண்டும், மற்ற எமிரேட்டுகளுக்கு மத்திய குடியேற்ற அமைப்பான ஐசிபி-யிடம். பழைய விசா முறையாக கேன்சல் ஆனதா, நீங்கள் ஓடிப்போனதாகக் கம்பெனி புகார் கொடுத்திருக்கிறதா, அபராதம் நிற்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். கூடுதலாகத் தங்கியதற்கு ஒரு நாளைக்கு 50 திர்ஹாம். சிலருக்குப் பாஸ்போர்ட் மாறியபோது இரண்டு யுஐடி விழுந்திருக்கும். இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டைப் புதுசாக எடுத்து ஸ்பெல்லிங்கை மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று சொல்லும் ஏஜெண்டை நம்ப வேண்டாம். நாடு கடத்தப்பட்டவர்களின் கருவிழியை அமீரகம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பதிவு செய்து வைக்கிறது. பெயர் மாறலாம், கண் மாறாது.

அடுத்தது வழக்கு. துபாய் போலீஸ் தளத்திலும் ஆப்பிலும் பணம் சம்பந்தப்பட்ட வழக்கு இருக்கிறதா என்று எமிரேட்ஸ் ஐடியை வைத்துப் பார்க்கலாம். அபுதாபி நீதித்துறையில் இதற்கு 'எஸ்தஃப்ஸர்' என்ற சேவை இருக்கிறது. கவனிக்க வேண்டியது: துபாய் தளம் துபாயை மட்டும்தான் காட்டும். அங்கே ஒன்றும் இல்லை என்று வந்தால் ஷார்ஜாவிலும் இல்லை என்று அர்த்தமில்லை. யுஏஇ பாஸ் (அமீரக அரசின் டிஜிட்டல் அடையாள ஆப்) கேட்கும் இடங்களில் ஓடிபி பதிவு செய்த பழைய அமீரக மொபைல் நம்பருக்குத்தான் போகும். அந்த சிம் செத்துப் போயிருந்தால் அங்குள்ள வக்கீலைத்தான் பிடிக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பவர் பத்திரம் கொடுப்பது கொஞ்சம் இழுக்கும். சேலத்தில் நோட்டரி போட்டதோடு முடியாது. மாநில அரசு சான்று, வெளியுறவுத்துறை சான்று, அமீரகத் தூதரக முத்திரை, அங்கே போனதும் அவர்கள் வெளியுறவுத்துறை முத்திரை, அரபி மொழிபெயர்ப்பு என்று படிப்படியாகப் போகும். டிக்கெட் போடுவதற்கு வெகு முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

கிரெடிட் கார்டையும் லோனையும் அப்படியே விட்டு வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, பணமில்லாமல் செக் திரும்பினால் அதுவே கிரிமினல் குற்றம் என்ற நிலை பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் பேங்க் அந்தச் செக்கை நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், பயணத் தடையும் வாங்கலாம். அப்படியென்றால் உள்ளே போய்விடலாம், திரும்பி வர முடியாது. பணத்தைக் கட்டினால் 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தோடு நிற்காதீர்கள். கோர்ட்டில் வழக்கு மூடப்பட்டதற்கும் தடை நீக்கப்பட்டதற்கும் தனித்தனி ஆவணம் வாங்குங்கள். பேங்க் கடிதம் கொடுத்தவுடன் ஏர்போர்ட் பதிவு தானாக அழிந்துவிடாது. வசூல் ஏஜென்சி வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரசீதை நம்பிப் பணம் போடாமல், பேங்குக்கே ஈமெயில் எழுதிக் கடன் எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலர் மறந்துவிடுவது நம்மூர் கோர்ட்டை. 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, அமீரக நீதிமன்றங்களின் சிவில் தீர்ப்பை சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். அதனால் நம் நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தமிழ்நாடு, சேலம், நீதிமன்ற வளாகம் என்று தேர்வு செய்து, பார்ட்டி பெயரில் வருஷவாரியாகத் தேடுங்கள். 'செந்தில்' என்பதை ஆங்கிலத்தில் Senthil என்றும் எழுதியிருப்பார்கள், Sendhil என்றும் எழுதியிருப்பார்கள். எல்லா ஸ்பெல்லிங்கையும், இனிஷியலை விரித்த அப்பா பெயரையும் போட்டுப் பாருங்கள்.

சவூதிக்குப் போகிறவர்கள் பழைய இகாமா (அங்கே தங்கும் அனுமதி அட்டை) எண்ணை வைத்து 'ஹுரூப்', அதாவது வேலையிலிருந்து ஓடிப்போனதாக முதலாளி கொடுத்த பதிவு, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாகப் பெயர். நம்மில் நிறையப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அமீரகம் அனுமதிப்பதில்லை; இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. சர்நேம் சேர்க்கப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய வேண்டும். சேர்த்த பிறகு மேலே சொன்ன தேடலைப் பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் செய்யுங்கள்.