உப்புக்காற்று வீசும் ஊரில் பிளாஸ்டிங் அறையைப் பயன்படுத்தும் முறை

குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ கரையேற்றிய விசைப்படகிலிருந்து கழற்றி வந்த, கயிறு இழுக்கும் வின்ச் பொறியின் சட்டமானாலும், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலையின் இரும்பு ஏணியானாலும், புதுப் பூச்சு நிலைக்க வேண்டுமென்றால் பழைய பெயிண்டும் துருவும் அடியோடு நீங்க வேண்டும். கிரிட் என்னும் கூரான துகள்களை அழுத்தக் காற்றால் பீய்ச்சியடித்து அவற்றை நீக்குவதே பிளாஸ்டிங். இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்தால் தூசி அக்கம்பக்கத்து வீடுகளில் படியும், கிரிட் மண்ணோடு மண்ணாகும், இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டில் பல நாள் வேலையே நடக்காது. மூடிய பிளாஸ்டிங் அறை இம்மூன்று குறைகளையும் தீர்க்கும். ஆனால், நான் பார்த்த வரையில், இங்கே பூச்சு உரிவதற்குப் பெருங்காரணம் கண்ணுக்குத் தெரியும் துரு அல்ல. துருக்குழிகளுக்குள் தங்கியிருக்கும் உப்புதான். அந்த உப்பை அறை தானாக நீக்காது.

ஒருமுறை மீன்பிடிப் படகின் வின்ச் சட்டம் ஒன்றை மாலையில் வெள்ளி போலப் பளிச்சென்று அடித்து முடித்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சைக் காலையில் பூசலாம் என்று அறையைப் பூட்டிவிட்டுச் சென்றோம். காலையில் திறந்தபோது, சமதளமான பகுதிகள் அப்படியே இருக்க, பழைய குழிகள் இருந்த இடங்களில் மட்டும் கடுகு அளவில் கரும்பழுப்புப் புள்ளிகள் வியர்த்தது போல ஈரமாக எழுந்திருந்தன. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டதன் அடையாளம் அது. அந்தச் சட்டத்தைக் கழுவி, உலர்த்தி, முதலிலிருந்து மறுபடியும் அடிக்க நேர்ந்தது.

ஆகவே வேலை அறைக்கு வெளியே, கழுவுமிடத்தில் தொடங்க வேண்டும். எண்ணெயும் கிரீசும் இருந்தால் அவற்றை முதலில் கரைப்பானால் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரிட் அவற்றை இரும்புக்குள் அடித்து இறக்குவதோடு, தானும் எண்ணெய் பிடித்துப்போய் அடுத்தடுத்து வரும் பொருள்களையும் கெடுக்கும். அதன்பின் உயர் அழுத்த நன்னீரால் கழுவ வேண்டும். கடலோர ஊர்களில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருப்பதால், அந்த நீரில் கழுவுவது உப்பை எடுப்பதற்குப் பதில் உப்பைப் பூசுவதாகவே முடியும். கழுவிய பொருள் நன்றாக உலர்ந்த பிறகே அறைக்குள் செல்லலாம். உள்ளே சுழற்சியில் ஓடும் எஃகு கிரிட்டில் ஈரமோ உப்போ சேர்ந்தால், கிரிட்டே துருப்பிடித்துக் கட்டிதட்டிவிடும்.

எதைக் கொண்டு அடிப்பது என்பதில் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று உண்டு. கிரிட்டை நிரப்பி அழுத்தக் காற்றில் தள்ளும் கலனில் ஆற்று மணலையும் கடல் மணலையும் போடக் கூடாது. சிலிக்கா மணல் மோதி உடையும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் அதுவும் ஒன்று. நம் கடற்கரையின் கருமணலில் கதிரியக்கமுள்ள மோனசைட்டும் கலந்திருப்பதால் அதை அள்ளி வந்து பயன்படுத்துவது இரட்டைக் கேடு. அதே மணலிலிருந்து மணவாளக்குறிச்சி ஆலை பிரித்தெடுக்கும் கனிமங்களில் ஒன்றான கார்னெட்டின் கதை வேறு: தூய்மையாகப் பிரித்து, கழுவி, தரம் பார்த்த கார்னெட் நல்ல பிளாஸ்டிங் பொருள். ஆனால் அது சில சுற்றுகளிலேயே பொடியாகிவிடும். தரையிலிருந்து கிரிட்டைத் திரட்டி, பக்கெட் எலிவேட்டரில் ஏற்றி, காற்றால் தூசி பிரித்துத் திருப்பித் தரும் அமைப்பு உள்ள அறைக்கு, நூற்றுக்கணக்கான சுற்றுகள் தாங்கும் எஃகு கிரிட்டே கட்டுப்படியாகும்.

அடுத்தது காற்று. கிரிட்டைப் பீய்ச்சும் குழல்முனையான நாசிலின் வாயில் ஏறத்தாழ 7 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கம்ப்ரசரின் மீட்டரில் தெரியும் அழுத்தத்தை நம்பக் கூடாது. நாசிலுக்கு அருகே ஹோஸில் ஊசி கேஜை (ஊசி முனையுள்ள அழுத்தமானியை) குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 3/8 அங்குல நாசில் இந்த அழுத்தத்தில் நிமிடத்திற்கு 200 கன அடியளவு காற்றைக் குடிக்கும். தேய்ந்து 7/16 அங்குலம் ஆகிவிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கும். கம்ப்ரசர் ஈடுகொடுக்காமல் அழுத்தம் இறங்கும், வேலை மந்தமாகும். எனவே துளை 1/16 அங்குலம் பெருத்ததும் நாசிலை மாற்றிவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில், குழாய்க் காற்றிலுள்ள நீரைப் பிடித்துவைக்கும் தண்ணீர்ப் பொறியைத் தினமும் வடிக்க வேண்டும். கலனில் கிரிட் போடுவதற்கு முன், வெளிவரும் காற்றின் எதிரே வெள்ளைத் துணியை ஓரிரு நிமிடம் பிடித்துப் பார்த்து, எண்ணெய்க் கறையோ ஈரமோ படியவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உள்ளே நிற்பவருடைய உயிர் அவர் சுவாசிக்கும் காற்றில் இருக்கிறது. துணி முகமூடி இங்கே எதற்கும் உதவாது. காற்று ஊட்டும் ஹெல்மெட் வேண்டும், அந்தக் காற்று தனி வடிகட்டி வழியாக வர வேண்டும். டீசல் கம்ப்ரசரானால் அதன் புகை உறிஞ்சு வாய்க்குள் திரும்பாதபடி நிறுத்த வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடைச் சாதாரண வடிகட்டி தடுக்காது. கையை விட்டதும் காற்று நிற்கும் டெட்மேன் கைப்பிடியைக் கம்பியால் கட்டிவைப்பதைச் சில இடங்களில் கண்டிருக்கிறேன். கை வலி குறையும் என்பது உண்மையே. ஆனால் கட்டிய நாசில் கைநழுவினால் பாம்பு போலச் சுழன்று அதே ஆளைத் தாக்கும். அந்தக் கம்பியைக் கண்ட இடத்தில் அறுத்தெறியுங்கள். ஹோஸ் இணைப்புகளில் பாதுகாப்புக் கயிறும், காதுக்கு அடைப்பானும், வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு ஓர் ஆளும் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

அறையின் தூசியை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டரை முதலில் ஓடவிட்டு, பிறகே நாசிலைத் திறக்க வேண்டும். பொருளிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் தொலைவில், சற்றே சாய்வாகப் பிடித்து, ஒரே சீரான வேகத்தில் நகர்த்த வேண்டும். வெல்டிங் ஓரங்களையும் மூலைகளையும் முதலில் முடித்துவிட்டுச் சமதளத்துக்கு வருவது என் வழக்கம். கை தளர்ந்த பிறகு மூலைகள் விடுபட்டுப்போகும். முடிந்ததும் தூசி அடங்கும்வரை விசிறி ஓட வேண்டும். அதற்குமுன் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது.

சோதனையில் அவசரம் கூடாது. கடலோரப் பயன்பாட்டுக்கு, இரும்புப் பரப்பின் தூய்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8501-1 சொல்லும் எஸ்.ஏ. 2½ தரத்தையே பெரும்பாலும் கேட்பார்கள். துருவின் தடயம் லேசான புள்ளியாகவோ கோடாகவோ மட்டுமே மிஞ்சலாம். சொரசொரப்பு எத்தனை மைக்ரான் என்பதை பெயிண்டின் தரவுத்தாளில் பார்த்து, பரப்பை அச்செடுக்கும் ரெப்ளிகா டேப்பால் அளக்க வேண்டும். பரப்பிலுள்ள உப்பை நீரில் கரைத்தெடுக்கும் பிரெஸ்ல் பட்டையை ஒட்டி உப்பையும் அளக்க வேண்டும், அதுவும் துருக்குழி இருந்த இடத்திலேயே. வழவழப்பான இடத்தில் அளந்தால் எப்போதும் நல்ல எண்தான் வரும். வரம்பை மீறினால் மீண்டும் கழுவி, உலர்த்தி, அடிக்க வேண்டும்.

பிரைமர் பூசும் வேளையில் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். 30 டிகிரியும் 80 விழுக்காடும் உள்ள ஒரு சாதாரண நாளில் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அன்று இரும்பு 29 டிகிரிக்குக் கீழே இருந்தால் பூசக் கூடாது. விடியற்காலையில் இரும்பு குளிர்ந்திருப்பதால், மாலையில் அடித்து முடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு மேல் அடித்து, அன்று வெயில் தாழுமுன் பிரைமரையும் முடித்துவிடுவதே இங்கே பொருந்தும் ஒழுங்கு. அதன்பின் கலனிலுள்ள கிரிட்டை முழுவதும் வெளியேற்றி, அறைக் கதவை இறுக மூட வேண்டும். கலனிலேயே விட்டுச்சென்ற கிரிட் இரவு ஈரத்தில் இறுகி, மறுநாள் வால்வை அடைத்துவிடும்.