கண்ணாடி முகப்பு வரையும் முன்: புதிய ஆர்க்கிடெக்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களின் ரிவ்யூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சுவர் முழுக்க ஷீட். அருங்காட்சியகம், ஐடி வளாகம், பேருந்து முனையம், நூலகம். எல்லாருக்கும் நல்ல கை. நான் படித்த காலத்தில் இவ்வளவு துணிச்சலாக யாரும் வரைந்து பார்த்ததில்லை. ஆனால் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர், ஒரு பக்கம் தரையிலிருந்து உச்சி வரை வளைந்த கண்ணாடி வைத்திருந்தார்கள். "இந்தப் பக்கம் எந்தத் திசை?" என்று ஒரு பையனிடம் கேட்டேன். ஷீட்டை இப்படியும் அப்படியும் பார்த்தான். வடக்கு அம்புக்குறியே போடவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நேர் மேற்கு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2009இல் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். என்னுடையது காகிதத்தோடு நிற்கவில்லை, கட்டியே முடித்துவிட்டேன்.

செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்) விடாதது, படிக்கட்டு அளவு தப்புவது, லிஃப்ட் மெஷின் அறையை மறப்பது எல்லாம் இங்கே வேண்டாம். அதையெல்லாம் அப்ரூவலிலோ சைட்டிலோ யாராவது பிடித்துவிடுவார்கள். கட்டி முடித்து, திறப்பு விழா நடத்தி, போட்டோ எடுத்து, முதல் கோடை வந்த பிறகு தெரியவரும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

3டி படத்தைப் பார்த்து முகப்பை முடிவு செய்வது

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகம். மூன்று மாடி. ரோடு மேற்கே. உரிமையாளருக்கு சிங்கப்பூர் போய்வந்த நினைப்பு, எனக்கு முதல் பெரிய வேலை என்ற வேகம். முகப்பு முழுக்க 40 அடி அகலம், 30 அடி உயரத்துக்கு வளைந்த கண்ணாடி வைத்தேன். 3டி படத்தில் வானம் நீலமாக இருந்தது, கண்ணாடியில் மேகம் தெரிந்தது, இரண்டு மரம், ஒரு கார். ஒரே பார்வையில் சரி என்றார். அந்தப் படத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்று நானும் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

திறந்தது டிசம்பரில். மார்ச்சில் போன் வந்தது. "கண்ணாடி நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா நாலு மணிக்கு மேல அந்தப் பக்கம் பொண்ணுங்க யாருமே உக்கார மாட்டேங்கறாங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். இரண்டாவது மாடியில் கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தார்கள், இடைவெளியில் பழைய அட்டைப் பெட்டி. மேஜைகள் எல்லாம் உள்சுவர் ஓரமாக நகர்ந்து, நடுவில் பன்னிரண்டு அடி காலி. மெர்ச்சண்டைசர் ஒருவர் ஒரு ஷேடு கார்டைக் கொண்டுவந்து காட்டினார். மெரூன் துணித் துண்டு, மேலே கிளிப் போட்டிருந்தார்கள். கிளிப்பைக் கழற்றினால் அதன் அடியில் இருந்த இடம் மட்டும் மெரூன், மீதி வெளிறிய செங்கல் நிறம். வெளிநாட்டு வாடிக்கையாளர் சரி பார்த்து ஒப்புக்கொண்ட நிறம் அது. அதைப் பார்த்துச் சாயம் ஏற்றிய ஒரு லாட் முழுக்க நிறம் தப்பித் திரும்பி வந்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்தக் கார்டை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

அன்று இரவு போட்ட கணக்கை வரைவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். கண்ணாடி 1200 சதுர அடி, சுமார் 110 சதுர மீட்டர். கோடையில் மாலை நாலு மணி வாக்கில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்குத் தோராயமாக 600 வாட் வெயில் விழும். நான் போட்ட கண்ணாடி அதில் அறுபது சதவீதத்தை உள்ளே விடும் வகை. மொத்தம் ஏறக்குறைய 40 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது 3.5 கிலோவாட். ஆக, அந்த முகப்பு ஒன்றை மட்டும் சமாளிக்கவே 11 டன் ஏசி வேண்டும். ஆட்கள், விளக்கு, கம்ப்யூட்டர் எதுவும் இதில் சேரவில்லை. மேலும் ஏசி காற்றைத்தான் குளிர்விக்கும். முதுகில் நேராக விழும் வெயிலை அது ஒன்றும் செய்யாது.

"சன்ஷேடு போட்டால் போதாதா சார்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். போதாது. மார்ச் கடைசியில் மாலை ஐந்து மணிக்குத் திருப்பூரில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 22 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். இரண்டு அடி சன்ஷேடு அப்போது தரும் நிழல் பத்து அங்குலம். ஐந்து அடி ஜன்னலை முழுக்க நிழலில் வைக்கப் பன்னிரண்டு அடிக்கு மேல் நீட்ட வேண்டும். அதே இரண்டு அடி சன்ஷேடு தெற்குச் சுவரில் டிசம்பர் உச்சி வெயிலில் மூன்று அடிக்குக் கொஞ்சம் குறைவாக நிழல் தரும். ஒரே சாமான், திசை மாறினால் வேலையே மாறிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் "தெற்கே கண்ணாடியைத் திறந்துவை" என்று இருக்கும். அவர்களுக்கு வெயில் வீட்டுக்குள் வர வேண்டும். நமக்கு ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. தமிழ்நாடு முழுக்கக் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் வடக்குச் சுவரிலும் வெயில் படும். புத்தகத்தை அப்படியே எடுத்தால் தப்பு நடக்கும்.

பெரிய பெயர்களும் இதில் தப்பியதில்லை. லண்டனில் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட், வாக்கி டாக்கி என்று ஊரே கூப்பிடும் கட்டடம், ரஃபேல் வின்யோலி வடிவமைத்தது. மேலே போகப் போக அகலும் உடம்பு, தெற்கு முகம் உட்குழிந்த கண்ணாடி. 2013 ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் அந்தக் குழிவு ஒரு பெரிய குழியாடியாக வேலை செய்தது. வெயிலை எதிர்த் தெருவில் ஒரே இடத்தில் குவித்து, அங்கே நின்ற ஜாகுவார் காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக் கூட்டையும் உடம்பையும் உருக்கி நெளித்தது. ஒரு நிருபர் அந்த இடத்தில் வாணலி வைத்து முட்டை பொரித்துக் காட்டினார். முதலில் தெருவில் சாரம் கட்டித் திரை போட்டார்கள், அடுத்த வருடம் முகப்பில் கிடைமட்டத் தகடுகளை மாட்டினார்கள். லாஸ் வேகாஸில் 2009இல் திறந்த, வின்யோலியே வடிவமைத்த வ்டாரா ஹோட்டலிலும், நீச்சல்குளத்து ஓரம் படுத்திருந்தவர்கள் குவிந்த வெயில் சுட்டதாகப் புகார் சொல்லியிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஃபிராங்க் கெரியின் வால்ட் டிஸ்னி இசை அரங்கு 2003இல் திறந்தது. அதன் பளபளப்பான எஃகுத் தகடுகள் சில, எதிர்ப்பக்கக் குடியிருப்புகளைச் சூடாக்கின. 2005இல் அவற்றைத் தேய்த்து மங்கலாக்கினார்கள். உலகத்தின் சிறந்த மென்பொருள், சிறந்த அலுவலகங்கள் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. சூரியன் வருடம் முழுக்க எங்கே நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அதனால்தான் எனக்கு இது இன்னும் பொறுக்கவில்லை.

மேற்கே பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. மும்பையில் சார்லஸ் கொரியாவின் காஞ்சன்ஜங்கா அடுக்ககத்தைப் பாருங்கள். 1983இல் முடிந்தது, 28 மாடி, 32 வீடுகள். அந்த ஊரில் கடல் காற்றும் காட்சியும் மேற்கிலிருந்து வருகின்றன, பிற்பகல் வெயிலும் மழையும் கூட அங்கிருந்துதான். கொரியா பழைய பங்களாவின் வராந்தாவை எடுத்து மாடிக்கு ஏற்றினார். மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்குத் தோட்டத் திறப்புகள், அறைகள் அதற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். தெருவிலிருந்து பார்த்தால் மறக்க முடியாத அந்த வெட்டு, நிழலுக்காக வந்தது.

பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1930களின் பிற்பகுதியில் தொடங்கியது, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். நீளமான இரண்டு முகமும் வடக்கு தெற்கு. அவற்றில் சுவருக்குப் பதில் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள், மேலே காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கூரை. எண்பது வருடத்துக்கு முந்தையது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதைப் படித்திருந்தேன். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கினேன். திருப்பூரில் பேனா எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் அங்கே என்ன செய்தோம்? கண்ணாடியிலிருந்து இரண்டரை அடி தள்ளி இரும்புச் சட்டம் நிறுத்தி, துளையிட்ட அலுமினியத் தகட்டை மாட்டினோம். இடையில் இருக்கும் காற்று சூடாகி மேலேயே போய்விடும், உள்ளே வராது. செலவை உரிமையாளரும் நானும் பகிர்ந்துகொண்டோம். என் பங்கை அடைக்க இரண்டு வருடம் ஆனது. மேஜைகள் பழைய இடத்துக்குத் திரும்பின.

இப்போது எந்த சைட்டானாலும் முதல் கோடு போடும் முன் மாலை நாலு மணிக்கு ஒரு தடவை போகிறேன். ஒரு குச்சியை நட்டு, அரை மணிக்கு ஒரு முறை நிழல் நுனியில் கல் வைப்பேன். மென்பொருளில் அதே இடம், அதே நாள் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பக்கத்துக் கட்டடக் கண்ணாடியிலிருந்து வரும் எதிரொளியை மென்பொருளில் நாமாக வரைந்து சேர்த்தால்தான் அது காட்டும். சைட்டில் நின்றால் கண்ணே கூசும்.

படத்து மரத்தை நம்புவது

3டி படத்தில் முகப்புக்கு முன்னால் நிற்கும் அந்த மரம் நிஜத்தில் வளரப் பதினைந்து வருடம்.

மாதிரி மாட்டிப் பார்க்காதது

பாஸ்டனில் ஜான் ஹான்காக் கோபுரம், 60 மாடி. 1973இல் காற்றடித்த நாட்களில் கண்ணாடிகள் கழன்று தெருவில் விழத் தொடங்கின. விழுந்த இடங்களில் ஒட்டுப்பலகை அடித்து, மாதக்கணக்கில் கட்டடம் பலகைக் கோபுரமாக நின்றது. இரண்டு கண்ணாடிகளை ஓரத்தில் இணைத்திருந்த ஈயப் பற்று இளகிக் கொடுக்காமல் விறைப்பாக இருந்தது காரணம். 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். புது வகைக் கண்ணாடியோ புது சிலிகானோ எதுவானாலும் ஒரு பேனலை சைட்டிலேயே மாட்டி, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நேரமில்லை என்று கிளையண்ட் சொல்வார். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

விலையை மட்டும் பார்த்து ஏசிபி தகடு வாங்குவது

ஏசிபி என்றால் இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே வேறு பொருள் வைத்து ஒட்டிய முகப்புத் தகடு. இதில் கை நடுங்க வேண்டும். அந்த நடுப்பொருள் சாதா பாலிஎத்திலீன் என்றால் அது எரிபொருள். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் ஒரு சமையலறையில் பிடித்த தீ அந்த வகைத் தகட்டின் வழியாக வெளிச்சுவரில் ஏறியது. 72 பேர் இறந்தார்கள். கொட்டேஷனில் நடுப்பொருள் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். வந்திறங்கும் தகட்டில் ஒரு துண்டு வெட்டி நீங்களே பாருங்கள்.

மழைத்தண்ணீர் போகும் வழியை வரையாதது

சாய்வும் வளைவும் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் தண்ணீர் நிற்கும். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஸ்டாட்டா மையம் 2004இல் திறந்தது, கசிவும் விரிசலும் என்று 2007இல் வழக்கே போட்டார்கள்.

கண்ணாடியை யார் துடைப்பது?

அந்த ஆள் நிற்கும் இடத்தை செக்ஷனில் (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் படத்தில்) வரைந்து காட்டச் சொல்வேன். திருப்பூரில் அந்த இரண்டரை அடி இடைவெளியில்தான் இப்போது ஒருவர் வாளியோடு நடந்து துடைக்கிறார்.