விலங்குத் தொகைக் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அங்கே 29 ரெயிண்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டது. அங்கே பணியிலிருந்த ஆட்களுக்கு உணவு தீர்ந்தால் வேட்டையாடிச் சாப்பிடலாம் என்ற ஏற்பாடு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் கிடையாது. 1957இல் எண்ணியபோது சுமார் 1,350, 1963இல் 6,000.

இந்த எண்களைப் பார்த்ததும் செய்கிற முதல் தவறு, பெருக்கம் வேகமெடுத்துவிட்டது என்று நினைப்பது. முதல் 13 ஆண்டுகளில் ஆண்டுக்கு 100 மான்தான் கூடியது, அடுத்த ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 775 என்றால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது கூட்டு வட்டிக் கணக்கு. விகிதமாகப் பார்த்தால் முதல் கட்டத்தில் ஆண்டுக்குச் சராசரி 34 சதவீதம், இரண்டாவதில் 28. அதாவது எண்ணிக்கை எகிறிக்கொண்டிருந்தபோதே வளர்ச்சி தளர ஆரம்பித்துவிட்டது. தீவுக்குப் போய் ஆராய்ந்த உயிரியலாளர் டேவிட் க்ளைன் அதை நேரிலேயே பார்த்தார்: மான்களின் எடை குறைந்திருந்தது, பெண் மான்களுக்கு இத்தனை குட்டி என்ற விகிதமும் இறங்கியிருந்தது. மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

அடுத்தது, தாங்குதிறனை, அதாவது ஓர் இடம் எத்தனை விலங்குகளுக்குத் தீனி போட முடியும் என்ற எல்லையை, சுவர் மாதிரி கற்பனை செய்வது. பாடப்புத்தகப் படத்தில் வளைகோடு மேலே ஏறி, மட்டக்கோட்டுக்குப் பக்கத்தில் பதமாகச் சமன்பட்டுவிடும். நிஜத்தில் எல்லையைத் தாண்டியும் கூட்டம் பெருகும், ஏனென்றால் சேர்த்துவைத்த இருப்பைத் தின்கிறது. அந்தத் தீவில் கோடையில் தழைக்குப் பஞ்சமில்லை. குளிர்காலத்துக்கு இருந்தது தரையில் மெத்தையாகப் படர்ந்திருந்த லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வளரும் உயிர்). அது தேய்ந்தால் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆக, மான்கள் எல்லையை மீறியது மட்டுமில்லை, எல்லையையே கீழே இறக்கிவிட்டன. 1963-64 குளிர்காலத்தில் கடும்பனி. 1966இல் மிஞ்சியிருந்தவை 42. அதில் ஒன்றுதான் ஆண், அதுவும் இனப்பெருக்கத்துக்கு உதவாதது போலத் தெரிந்தது. 1980களில் தீவில் மானே இல்லை.

பனியால் செத்தன என்று சொன்னால் பாதிதான் சரி. கொழுத்த மான்கள் அந்தக் குளிரைப் பெரும்பாலும் தாங்கியிருக்கும்.

இரைகொல்லிதான் எப்போதும் கடிவாளம் என்பது இன்னொரு அவசர முடிவு. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்ற மான் இனம், 1970களின் கடைசியில் 13 லட்சம் அளவுக்குப் போனது. சிங்கம் குறைந்ததால் அல்ல. சுற்றுப்புற மாடுகளுக்கு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) தடுப்பூசி போட்டதால் காட்டு விலங்குகளிடமும் அந்த நோய் மறைந்தது. அப்புறம் பெருக்கத்தை நிறுத்தியது, வறட்சி மாதங்களில் கிடைக்கும் புல்லின் அளவு.

நம்மூரில் அடிக்கடி பார்ப்பது எலி விஷயம். பொறி வைத்துப் பாதியைக் கொன்றுவிட்டு, குப்பையை அப்படியே விட்டுவிடுகிறோம். மிச்சமிருப்பவற்றுக்கு ஆளுக்கு இரட்டைப் பங்கு சாப்பாடு. குட்டிகள் பிழைக்கும், சில மாதங்களில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும்.

ஆனால் இதை எல்லா உயிருக்கும் பொருத்தினால் ஆபத்து. பாறு கழுகு ஆண்டுக்கு ஒரே முட்டை இடும், முதிரவும் சில ஆண்டுகள் ஆகும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசியால், அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. இரை குறையவில்லை, கூடு கட்ட இடமும் இருந்தது. முதிர்ந்த பறவைகளின் சாவு கூடியதே போதுமாயிருந்தது. கால்நடைக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது, அதே கெடுதல் செய்யும் கீட்டோபுரோஃபெனும் ஆசெக்ளோஃபெனாக்கும் 2023இல்தான் தடையாயின. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகள் இன்னும் மெதுவாகத்தான் ஏறுகின்றன.