துணைக்குப் போகிறவருக்கும் ரயில் சலுகை உண்டு

வீட்டுக்காரருக்கோ வீட்டம்மாவுக்கோ புற்றுநோய் சிகிச்சை என்று மதுரையிலிருந்து சென்னைக்குப் போய் வருகிறவர்கள், பாண்டியன் எக்ஸ்பிரஸில் முழுக் கட்டணம் கொடுக்கத் தேவையே இல்லை. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணத்தில் 100 சதவீதம், கூடப் போகிற உங்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இதற்கு ரயில்வே சலுகைப் படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஓபி சீட்டை நீட்டினால் வேலைக்கு ஆகாது. ஆன்லைனில் கிடைக்காது, மதுரை ஜங்ஷன் முன்பதிவு கவுண்டருக்கே போக வேண்டும், தட்கலுக்கும் கிடையாது, அதனால் டாக்டர் அடுத்த தேதி சொன்னதுமே அங்கேயே படிவத்தை நிரப்பி வாங்கிவிடுங்கள் (ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் மறந்துபோவது இதுதான்). அப்புறம், டயாலிசிஸ், சிறுநீரக மாற்று, இதய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் சலுகை கேட்கலாம், இந்த இரண்டு வகுப்புகளிலும் இருவருக்குமே 75 சதவீதம்.