வேலூர்க் கோட்டையில் மட்டக்குறி தேடுவது எப்படி

வேலூர்க் கோட்டைக்கு வருகிறவர்கள் அகழியைப் பார்ப்பார்கள், ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்ப்பார்கள், 1806 ஜூலை 10ஆம் நாள் எழுந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி யாராவது சொல்லக் கேட்டுக்கொண்டு திரும்புவார்கள். மட்டக்குறி தேடுகிறவன் மட்டும் அங்கே அதிகம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. படிக்கட்டின் ஓரம், சுவரின் அடிப்பீடம், சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று இடுப்பு உயரத்துக்குக் கீழேயே அவனுடைய கண் அலைந்துகொண்டிருக்கும். பொறியாளர்களும் மேஸ்திரிகளும் பெஞ்ச் மார்க் என்றும் சுருக்கமாக பி.எம். என்றும் சொல்லும் இந்தக் குறி, ஒரு புள்ளி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத் துல்லியமாக அளந்து, பின்னால் வரும் அளவைகளுக்கு ஆதாரமாகக் கல்லில் விட்டுச் சென்ற அடையாளமாகும். மேலைநாடுகளில் இதைத் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. வாஷிங்டன் நினைவுத்தூணின் அருகே, அத்தூணின் சுமார் 12 அடி உயரச் சிறு பிரதி ஒன்று மண்ணுக்கடியில் மட்டக்குறியாகவே நிற்கிறது. மேலே உள்ள இரும்பு மூடியைத் திறந்தால்தான் அது கண்ணில் படும். நம் பக்கத்தில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு என்பதால், தொடங்க நினைப்பவர்களுக்கு வழிமுறையை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் இரண்டு வகைக் குறிகளைப் பிரித்தறிய வேண்டும். ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவை, மேற்கே பெங்களூரையும் மங்களூரையும் நோக்கிக் குன்றுக்குக் குன்று பார்வைக் கோடுகளை இழுத்துக்கொண்டு சென்றது. அந்த அளவைக்கு உயரமும் தடையற்ற பார்வையும்தான் தேவை. ஆகவே அதன் நிலையங்கள் மலையுச்சிகளில் இருக்கும், பாறையில் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியுமாகச் செதுக்கப்பட்டிருக்கும். குன்று இல்லாத சமவெளியில் கோபுரங்களையே நாடினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சேதமடைந்த கதை அந்தக் காலத்தது. மட்டக்குறிகளோ இதற்கு நேர்மாறானவை. லெவல் எடுக்கும் குழு, அதாவது இடத்துக்கு இடம் உயர வேறுபாட்டை அளந்துகொண்டு போகும் குழு, சாலையையும் இருப்புப்பாதையையும் ஒட்டியே நடந்து செல்லும். எனவே அதன் குறிகள் தாழ்வான, எளிதில் எட்டக்கூடிய இடங்களில் அமையும். கோட்டைக்குக் கிழக்கே நிற்கும் குன்றுகளில் தேட வேண்டியது வட்டமும் புள்ளியும். கோட்டையைச் சுற்றித் தேட வேண்டியது, மாபெரும் முக்கோண அளவையின் ஆங்கிலச் சுருக்கமான ஜி.டி.எஸ். என்றும் பி.எம். என்றும் ஆங்கில எழுத்துகள் பொறித்து, கூடவே சிறு சதுரமோ வட்டமோ வெட்டிய மட்டக்குறி.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதித் தேடல் முடிந்திருக்க வேண்டும். 1767 முதல் இயங்கிவரும் இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட்டுகளை, அதாவது நில அமைப்பையும் உயரங்களையும் காட்டும் வரைபடத் தாள்களை, இப்போது அத்துறையின் இணையதளத்திலேயே பெறலாம். பழைய எண் முறைப்படி வேலூர் 57 பி/1 என்ற தாளில் வருகிறது. 57 என்பது 4 பாகை அகலமும் 4 பாகை உயரமும் கொண்ட பெரிய கட்டம். அதை 16 ஆகப் பிரித்தால் கடைசியாக, தென்கிழக்கு மூலையில் வருவது ஆங்கில எழுத்து வரிசையின் 16ஆம் எழுத்தான பி. அதை மறுபடியும் 16 ஆகப் பிரித்தால் வடமேற்கு மூலையில் வருவது 1. இந்தக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் பக்கத்துத் தாள்களின் எண்களை யாரையும் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம். தாளில் பி.எம். என்ற எழுத்துகளை அடுத்து ஓர் எண் இருந்தால் அது மட்டக்குறியின் உயரம். சிறு முக்கோணத்தை அடுத்து இருந்தால் முக்கோண நிலையத்தின் உயரம். வெறும் புள்ளியை அடுத்து இருந்தால் அது தாளில் மட்டும் உள்ள உயரப் புள்ளி, அதைத் தேடிப் போய் வெயிலில் அலைய வேண்டாம். பழைய தாள்கள் அடியிலும் புதியவை மீட்டரிலும் உயரத்தைத் தருவதால் ஓரக்குறிப்பைப் படிக்க மறக்கக் கூடாது. வேலூர் நகரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 216 மீட்டர் மேலே இருப்பதால், நகருக்குள் 700ஐ ஒட்டி வரும் எண் அடி என்றும் 200ஐ ஒட்டி வரும் எண் மீட்டர் என்றும் உடனே ஊகித்துவிடலாம்.

பழைய ஆவணங்களில் ஊரைத் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். வேலூர் முன்பு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது; 1911 வரை அதன் தலைமையிடம் சித்தூர்; 1989இல் திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமாயிற்று; எஞ்சியது 1996இல் வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்று, 2019இல் மூன்றாகப் பிரிந்தது. எனவே வேலூர் என்ற தலைப்பில் கிடைக்காதது வட ஆற்காடு என்ற தலைப்பில் கிடைக்கக்கூடும்.

இனி களத்துக்கு வருவோம். இங்கே கண்ணை விட யோசனைக்குத்தான் வேலை அதிகம். லெவல் குழுவில் ஸ்டாஃப் என்னும் உயரமான அளவுகோலைப் பிடித்து நின்றவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டவை மூன்று: அமிழாத கல், ஸ்டாஃபைச் செங்குத்தாக நிறுத்த மேலே தடையில்லாத வெளி, நாளைக்கு யாரும் இடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. கோட்டை மதிலின் வெளிப்புற அடி அகழி நீரில் நிற்கிறது. அங்கே ஸ்டாஃப் வைக்க முடியாது. கொத்தளத்தின் உச்சிக்கு ஏறி இறங்கினால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு பிழை கூடும். அதை எந்த லெவல்காரரும் விரும்பமாட்டார். ஆகவே மதிலைச் சுற்றிச்சுற்றி வந்து காலத்தை வீணாக்காமல், கிழக்கு நுழைவிலிருந்து உள்ளே செல்லும் பாதையையும், அதன் இருபுறமும் ஆங்கிலேயர் காலம் முதல் நிற்கும் கட்டடங்களின் அடிப்பீடங்களையும் வாயிற்படிகளையும் முதலில் பாருங்கள். 1846இல் எழுந்த புனித ஜான் தேவாலயம் போல நீண்ட காலமாக ஒரே இடத்தில் மாறாமல் நிற்கும் கட்டடங்களே அளவையாளருக்கு நம்பிக்கையானவை. கோட்டைக்கு வெளியே வந்தால், பழைய சாலைகளின் சிறு பாலங்கள்தான் அடுத்த இடம். ஆனால் சாலைக்கு மேல் சாலையாகத் தார் போட்டுப் போட்டு இன்றைய தளம் பல இடங்களில் பழைய கைப்பிடிச் சுவரையே விழுங்கிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் குறி இருந்தாலும் அது நமக்கில்லை.

ஏமாற்றும் குறிகள் கோட்டையில் ஏராளம். முதல் முறை சென்றபோது, ஒரு கருங்கல்லில் ஒரே நேர்க்கோட்டில் சம இடைவெளியில் அமைந்த நான்கு குழிகளைக் கண்டு துள்ளிக் குதித்தேன். அவை பாறையை உடைக்க ஆப்பு அடித்த குழிகள் என்று கல் வேலை தெரிந்த ஒரு பெரியவர் சிரிக்காமல் சொன்னார். தரைக் கற்களில் கோடு கிழித்த ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் இருக்கும். சதுரத்தைத் தேடுகிறவனுக்கு அவையும் பொறிதான். கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோடாக வெட்டி வைப்பது நம் பழைய வழக்கம். அது மட்டக்குறி இல்லை என்றாலும், அளவைக் கல்லில் நிலைநிறுத்த வேண்டும் என்ற எண்ணம் லாம்டன் கொண்டுவந்ததல்ல என்பதற்குச் சான்றாக நின்று பார்க்கத்தக்கது. வெளியே வந்தால் சர்வே கல்லும் எல்லைக்கல்லும் குழப்பும். அவை நிலத்தின் எல்லையைக் காட்டுபவை, உயரத்தைச் சொல்பவை அல்ல. ஏரிப் பக்கம் போனால் மதகிலும் கலங்கலிலும் முழு நீர்மட்டத்தைக் காட்டும் குறிகள் இருக்கும். ஒப்பந்தக்காரர்கள் பெயின்டில் அம்பு வரைந்து 100.000 என்று எழுதியிருந்தால், அது அந்த வேலைக்காகத் தற்காலிகமாக வைத்துக்கொண்ட எண். ஊர் கடலுக்கு 100 மீட்டர் மேலே இருக்கிறது என்று பொருளல்ல.

தேடுவதற்கு மார்கழி, தை மாதங்களே உகந்தவை. சித்திரை வெயிலில் வேலூர்க் கருங்கல்லின் அருகே மண்டியிடுவது உடம்புக்கு ஆகாது. நேரம் என்றால் காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். சாய்ந்து விழும் ஒளியில்தான் தேய்ந்த வெட்டு நிழலாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே கல் மொழுமொழுவென்று தோன்றும். நிழலான மூலைகளுக்குக் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிப் படுக்க வைத்து அடியுங்கள். மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்றால் தூசியைத் தட்டலாம், அவ்வளவுதான். சாக்பீஸ் தேய்ப்பது, சுண்ணாம்பைச் சுரண்டுவது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது எதுவும் கூடாது. கோட்டை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அதைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அலுவலகங்கள் இயங்கும் கட்டடங்களை அனுமதி கேட்காமல் படமெடுக்காதீர்கள். சுவரோரம் குனிந்து திரிபவனைக் கண்டால் காவலருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. “இன்னா தம்பி, புதையலா தேடுற?” என்று என்னையும் ஒருவர் கேட்டார். டோப்போ ஷீட்டின் அச்சுப்பிரதியை விரித்து, “இல்லீங்கண்ணா, கடல்மட்டக் கல்லு இங்க இருக்கான்னு பாக்கறேன்” என்று விளக்கியதும், தமக்குத் தெரிந்த எழுத்துக் கல்லையெல்லாம் அவரே அழைத்துச் சென்று காட்டினார். அவற்றில் ஒன்றும் மட்டக்குறி இல்லை. அது வேறு விஷயம்.

குறி கிடைத்துவிட்டால் உயரத்தைச் சரிபார்க்கக் கைபேசியை நம்பக் கூடாது. செயற்கைக்கோள் தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல, பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளந்தது. தமிழகத்தின் இந்தப் பகுதியில் கடல்மட்டப் பரப்பு அந்தக் கோளத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே இருக்கிறது. இதைத் திருத்தாத செயலி வேலூரின் உயரத்தை 125 மீட்டர் அளவில் காட்டும். திருத்திக் காட்டும் செயலியிலும் சில மீட்டர் பிழை இருக்கும். பக்கத்தில் இரண்டு குறிகள் கிடைத்தால் நல்ல வழி ஒன்று உண்டு. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக் குழாயை எடுத்து, காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையை முதல் குறியின் அருகிலும் மறுமுனையை அடுத்ததன் அருகிலும் பிடித்து, இரண்டு குறிகளிலிருந்தும் நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டேப்பால் அளந்தால், அவற்றின் வேறுபாடே உயர வேறுபாடு. குழாய் எட்டாத தொலைவு என்றால் நடுவில் கல் ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று தவணையாக அளந்து கூட்டலாம். தாளில் உள்ள இரண்டு எண்களின் வேறுபாட்டோடு இது ஓரிரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால், இரண்டும் அசல் இடத்தில் அசையாமல் இருக்கின்றன என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஒத்துப்போகாவிட்டால், பழுதுபார்க்கும்போது படிக்கல்லைப் பெயர்த்து வைத்திருக்கிறார்களா என்று சுற்றியுள்ள பூச்சைக் கவனியுங்கள்.

நோட்டில் தேதி, நேரம், கட்டடத்தின் எந்தப் பக்கம், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எழுத்துகள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்று எழுதுங்கள். அருகே ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படமும், பத்தடி தள்ளி நின்று கட்டடத்தோடு சேர்த்து இன்னொரு படமும் எடுங்கள். இரண்டாவது படம் இல்லாமல் அடுத்தவரால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கிடைக்காத நாளுக்கும் இதே கவனத்தோடு பதிவு வேண்டும். வெள்ளையடித்த அடிப்பீடம், ஒளி மேற்கிலிருந்து, வடக்குப் பக்கம் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால், அடுத்த முறை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.